கற்பூர மரமும் சீகை மரமும்: நீலகிரியின் விறகுக் கதை

ஊட்டி ரயிலில் போகும்போது வெளியே வானுயர நிற்கும் கற்பூர மரங்களைப் பார்த்து, "என்ன அழகான காடு!" என்று சொல்லாதவர் குறைவு. அது காடு அல்ல, விறகுக் கொல்லை. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த மரங்களை வேறு விதமாகத்தான் பார்க்க வரும்.

சல்லிவன் துரை 1819-ல் மலை ஏறியபோது அங்கே இருந்தவை புல்வெளிகளும், பள்ளத்தாக்குகளில் அடர்ந்த சோலைகளும்தான். துரைமார் பங்களா கட்டினார்கள், பட்டாளம் வந்தது. குளிருக்கு அறைக்கு அறை கணப்பு எரிந்தது. சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. விறகுப் பஞ்சம் வந்தது.

அதற்குக் கண்ட வழிதான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள். மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் 1843-ல் யூக்கலிப்டஸைக் கொண்டுவந்தார் என்பது பதிவு. 1863-ல் ஊட்டி அரம்பியில் விறகுக்கென்றே தோட்டம் போட்டார்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், பத்து வருஷத்தில் மீண்டும் வெட்டலாம். வெள்ளைக்காரன் கணக்குப் படி பார்த்தால் அந்த முடிவு சரிதான். சோலையும் ஓரளவு தப்பியது. ஆனால் புல்வெளி போய்விட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம் அது. சதுப்பும் ஓடையும் வற்றியது பிறகு தெரிந்தது.

இனி எங்கள் அடுப்புக்கு வருகிறேன். தேயிலையைக் காய வைக்கச் சூடான காற்று வேண்டும். ஹீட்டரில் விறகெரித்து, குழாய்களின் வெளிப்புறம் காற்றை ஓட்டி, சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி டிரையருக்கு அனுப்புவோம். குழாயில் விரிசல் விழுந்தால் புகை தூளில் ஏறிவிடும். 1963-ல் தொடங்கிய குன்னூர் ஏலத்தில் டேஸ்டர் ஒரு வாய் வைத்தாலே கண்டுபிடித்துவிடுவார். அந்த லாட் போச்சு.

கற்பூர மரம் கனமானது, நன்றாக எரியும், பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் கோடாலிக்கு அசையாது. சீகை (வாட்டில்) நின்று எரியும், சூடு ஏறி இறங்காது. ஃபயர்மேன்களுக்கு அதுதான் செல்லப்பிள்ளை. பட்டையை உரித்துத் தோல் பதனிடக் கொடுத்துவிட்டு, கட்டையை எங்களுக்குத் தருவார்கள். தோட்டத்து நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் இலேசான மரம். மளமளவென்று பிடித்து சீக்கிரம் தீர்ந்துவிடும். தீ மூட்ட மட்டும் நல்லது.

ஆனால் ஒரு விஷயம். முழுக்கக் காய்ந்த நிலையில் கிலோவுக்கு எந்த மரமும் ஏறத்தாழ 4,500 கிலோ கலோரிதான், சில நூறு கூடக்குறைய. வித்தியாசமெல்லாம் ஈரத்தில். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் ஒரு பங்கு போய்விடும். கையில் கிடைப்பது 1,900 கிட்ட. இருபது சதவீத ஈரத்துக்குக் காய்ந்த விறகு 3,000-க்கு மேல் தரும். விறகு வாங்குவதோ டன் கணக்கில்! ஈர விறகுக்குக் கொடுத்த பணத்தில் பாதி தண்ணீருக்குப் போகும். மலையில் இலை கொட்டும் மாதங்களும் மழை மாதங்களும் சேர்ந்தே வருவதால், கூரையிட்ட விறகு ஷெட் இல்லாத முதலாளி கடைசியில் நஷ்டப்பட்டே தீருவார். "ஷெட்டுக்குத் தகரம் எதற்கு?" என்று கேட்ட ஒரு மேனேஜரோடு நான் மூன்று சீசன் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இந்தக் கணக்கில் என்னை மிஞ்சியவர்கள் தைலம் காய்ச்சும் ஏழைகள். இலையிலிருந்து எண்ணெய் வடித்தபின், அதே சக்கை இலையைக் காயவைத்து அடுத்த அடுப்புக்குப் போடுவார்கள். ஒரு காசு விறகுச் செலவில்லை.

இப்போது சீகை முதலான அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது. நீதிமன்றமும் தலையிட்டிருக்கிறது. எனக்கு அதில் சம்மதம்தான். ஆனால் சிறு விவசாயியின் பச்சை இலையை வாங்கும் ஃபேக்டரிகள் வேறெதை எரிப்பது? சிலர் மரத்தூளையும் கடலைத்தோலையும் அழுத்திச் செய்த கட்டிகளைச் சமவெளியிலிருந்து லாரியில் ஏற்றி வருகிறார்கள். காய்ந்த சரக்குதான், நன்றாகவே எரிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏறும் டீசலையும் சேர்த்து யாராவது கணக்குப் போட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.