தெரிந்திருந்தும்: உயிர்த்த ஞாயிறு தீர்ப்புக்கு ஓர் உரை

உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் பற்றி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தந்த தீர்ப்பைப் படிக்காதவர்களும் அதிலுள்ள ஓர் எண்ணை அறிவார்கள். முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்பதே அது. அன்று மாலைக்குள் அந்த எண் மட்டக்களப்பில் எல்லாக் கைபேசிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தீர்ப்போ ஆங்கிலத்தில், நூறு பக்கத்தைத் தாண்டிக் கிடக்கிறது. எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் உயிர்த்த ஞாயிறன்று இறந்தவர்களுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் என்ன உறவு என்று கேட்டால் தொகையைச் சொல்வார்களே தவிர, எந்தச் சொல்லுக்காக அந்தத் தொகை விதிக்கப்பட்டது என்று சொல்பவர் குறைவு. அதனால் தீர்ப்பின் சாரத்தைத் துண்டு துண்டாக எடுத்து உரை சொல்லிப் பார்க்கிறேன். சொற்கள் என்னுடையவை, பொருள் தீர்ப்பினதும் அரசியலமைப்பினதும்.

உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள்

தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம். அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தோடு நிற்பது. இங்கே அதுதான் நாட்டின் உச்சி. பன்னிரண்டு மனுக்களை ஒன்றாக எடுத்து விசாரித்தது பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய தலைமையிலான ஆயம். பிள்ளைகளை இழந்த பெற்றோர், குருமார், சட்டத்தரணிகள் சங்கம் என்று மனுதாரர் பல திறத்தினர். ஏழு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இதற்கு மேல் முறையிட இடமில்லை.

ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால்

உரைக்குத் தகுந்த இடம் இதுதான். அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகவே போடப்படுவது. குண்டை வெடிக்கவைத்தது அரசு அல்ல. அப்படியானால் இங்கே 'செயல்' எது?

செய்யாமல் விட்டதே செயல் என்பது நீதிமன்றத்தின் விடை. சட்டம் ஒருவரிடம் ஒரு கடமையைக் கொடுத்திருக்க, கையில் தகவலும் இருக்க, அவர் சும்மா இருந்தால் அந்தச் சும்மாவுக்கும் கணக்குக் கேட்கலாம்.

தகவல் எப்படி நடந்துபோனது என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவுக்கு வெளிநாட்டுப் புலனாய்வுத் தரப்பிலிருந்து செய்தி வருகிறது. சஹ்ரான் ஹாஷிமும் கூட்டாளிகளும் தேவாலயங்களையும் இந்தியத் தூதரகத்தையும் தற்கொலைக் குண்டால் தாக்கத் திட்டமிடுகிறார்கள் என்பது செய்தி. 7ஆம் திகதி அது கடிதமாகித் தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மென்டிசிடம் போகிறது. 9ஆம் திகதி அவர் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கு எழுதுகிறார். அதே நாளில் வாராந்தப் புலனாய்வுக் கூட்டமும் நடக்கிறது. 11ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கையொப்பத்தோடு கடிதம் இன்னும் கீழே இறங்குகிறது. 20ஆம் திகதி மறுபடியும் எச்சரிக்கை. 21ஆம் திகதி காலையிலும் ஒன்று. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையொப்பம் விழுந்திருக்கிறது. ஒவ்வொருவரும் தன் மேசையைக் காலிசெய்திருக்கிறார். கடிதம் நடந்தது, காவல் நடக்கவில்லை.

'செய்தி எனக்கு வந்தது, நான் அனுப்பிவிட்டேன்' என்பது கந்தோர்களில் நாம் தினமும் கேட்கிற பதில். காணி உறுதிக்கு அலைந்தவருக்கும் ஓய்வூதியத்துக்கு அலைந்தவருக்கும் அந்தப் பதில் பாடம். கடமை அனுப்புவதோடு முடிவதில்லை, போய்ச் சேர்ந்ததா, ஏதும் நடந்ததா என்று பார்ப்பதும் அதில் அடக்கம் என்று நாட்டின் உச்ச மன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தீர்ப்பில் மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்குப் பத்துக் கோடியைவிடப் பெறுமதியான சொல் இதுவே என்பது என் எண்ணம்.

இந்தச் 'சும்மா' ஏப்ரலில் தொடங்கியதும் அல்ல. சஹ்ரான் காத்தான்குடிக்காரர். 2017 மார்ச்சில் அங்கே அலியார் சந்தியில் நடந்த மோதலுக்குப் பிறகு தலைமறைவானவர். அவருக்குப் பிடியாணை இருந்தது. அவரைப் பற்றி அவ்வூர் முஸ்லிம் மக்களே பொலிஸிடம் முறையிட்டிருந்தார்கள். பின்னாளில் ஊர் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்கள் அந்த முறைப்பாடுகளை மறந்துபோனார்கள். 2018 நவம்பர் 30ஆம் திகதி, வாவியின் மேற்குக் கரையில் வவுணதீவு வலையிறவுப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள். பழி முன்னாள் புலிகள்மேல் விழுந்தது; முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். சஹ்ரானின் ஆட்கள் செய்த வேலை அது என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகே வெளியே வந்தது. 2019 ஏப்ரல் 16ஆம் திகதி காத்தான்குடிப் பக்கம் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை. அங்கிருந்து சீயோன் தேவாலயம் சில கிலோமீற்றர் தூரம். இடையில் ஐந்து நாள்.

சட்டத்தின் முன் ஆட்கள் எல்லோரும் சமம். சட்டத்தின் பாதுகாப்பும் சமம்

இது 12ஆம் உறுப்புரையின் முதற்பிரிவு. பதவி உயர்வு கிடைக்கவில்லை, பாடசாலை அனுமதி மறுக்கப்பட்டது என்ற வழக்குகளில் இதை அடிக்கடி கேட்போம். 'இவருக்குத் தந்தாய், எனக்கேன் தரவில்லை?' என்பதே வழக்கமான கேள்வி. குண்டு வெடிப்பில் சமத்துவம் எங்கே வந்தது?

பாதியிலே நிற்காமல் அடுத்த பாதியையும் படித்தால் விளங்கும். முதற்பாதி சமம் என்கிறது, அடுத்த பாதி பாதுகாப்பு என்கிறது. காக்க வேண்டிய அதிகாரி ஏனோதானோ என்று நடந்தால், அந்த அசட்டையே சட்டம் தரும் பாதுகாப்பை ஒருவரிடமிருந்து பறிப்பதாகும். நம் மன்றங்கள் பல ஆண்டுகளாகக் கட்டிவந்த வாதத்தை இந்தத் தீர்ப்பு உயிர்ச்சேதம் வரை நீட்டியிருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது என் உரை. ஏப்ரல் 11ஆம் திகதிக் கடிதம் போன இடங்களைப் பாருங்கள். அமைச்சர்களையும் தூதர்களையும் நீதிபதிகளையும் காக்கும் பொலிஸ் பிரிவுகளுக்கு அது போனது. பிரமுகர்களின் மெய்க்காவலர்கள் அறிந்ததை, பெயர் சொல்லி எச்சரிக்கப்பட்ட இலக்குகளான தேவாலயங்களின் குருமாரும் போதகர்களும் அறியவில்லை. மத்திய வீதிச் சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை விட்டு முற்றத்தில் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தின் விலாசப் பட்டியலில் இடமில்லை. ஏறக்குறைய முப்பது பேர் அங்கே இறந்தார்கள். பாதிப்பேரளவில் சிறுவர். 'சமமான பாதுகாப்பு' என்ற இரண்டு சொல்லுக்கு இதைவிடக் கசப்பான எதிர்மறை உதாரணம் எனக்குத் தெரியாது.

'ஆட்கள்' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. பிரசைகள் என்று அங்கே இல்லை. நாடெங்கும் அன்று இறந்த ஏறக்குறைய 270 பேரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் வெளிநாட்டவர். ஹோட்டலில் காலை உணவுக்கு இறங்கி வந்த பயணிக்கும் இந்த உறுப்புரை கடமைப்பட்டது.

மதத்தைத் தனியாகவோ கூடியோ வெளிப்படுத்தும் சுதந்திரம்

14ஆம் உறுப்புரை (1)(உ). இது பிரசைகளுக்கு மட்டும் உரியது. வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் வழிபட்ட காரணத்தாலேயே இலக்கானார்கள். ஆகவே இதுவும் மீறப்பட்டது. விளக்கம் அவ்வளவுதான்.

முன்னாள் ஜனாதிபதி

'முன்னாள்' என்ற அடைமொழியில்தான் வழக்கின் பாதி இருக்கிறது. 35ஆம் உறுப்புரை பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்குக் கவசம் தருகிறது. மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பரில் பதவி விட்டிறங்கிய பின்னரே எதிர்மனுதாரராகச் சேர்க்கப்பட்டார். தாக்குதல் நடந்தபோது பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவும் எதிர்மனுதாரராக இருந்தார். 2022இல் அவர் ஜனாதிபதியானதும் அதே கவசத்தின் பேரில் விடுவிக்கப்பட்டார். கவசத்தைக் கழற்றியவர் அகப்பட்டார், போட்டுக்கொண்டவர் தப்பினார். சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீதியரசர்களைக் குறை சொல்ல இடமில்லை. எழுதியவர்களைச் சொல்லலாம்.

எனக்கு எவரும் சொல்லவில்லை என்பது சிறிசேனவின் வாதம். அவர் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். தேசிய பாதுகாப்புச் சபையை ஒழுங்காகக் கூட்டவில்லை. கூட்டியபோது பொலிஸ் மா அதிபரை அழைக்கவில்லை. தகவல் வரும் வாசலைத் தானே அடைத்துவிட்டுத் தகவல் வரவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

தங்கள் சொந்தப் பணத்திலிருந்து

சிறிசேன 100 மில்லியன். பூஜித் ஜயசுந்தர 75, நிலந்த ஜயவர்தன 75. பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 50, சிசிர மென்டிஸ் 10. அரசு 1 மில்லியன். கூட்டினால் 311 மில்லியன், அதாவது 31 கோடியே 10 இலட்சம். ஆறு மாதத்துக்குள், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்தில் திறக்கப்படும் நிதியத்துக்குக் கட்ட வேண்டும் என்பது கட்டளை.

'சொந்த' என்பதே இங்கே கனமான சொல். அரசு கட்டினால் அது நம் வரிப்பணம். இறந்தவரின் குடும்பம் கடையில் வாங்கிய சீனியிலும் மாவிலும் கட்டிய வரி அவர்களுக்கே நட்டஈடாகத் திரும்பி வரும். அதை நீதிமன்றம் விரும்பவில்லை. அரசின் பங்கை 1 மில்லியனாக வைத்ததற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து இலட்சத்தை 270ஆல் வகுத்துப் பார்த்தேன். ஓர் உயிருக்கு நாலாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அடையாளத் தொகை என்றே வைத்துக்கொள்வோம். அடையாளத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

ஆறு மாதம் என்ற சொல் சொல்லாகவே நின்றது. தவணைக்குள் சிறிசேன கட்டியது 15 மில்லியன். மீதிக்குப் பத்து வருடத் தவணை கேட்டார். நீதிமன்றம் விடவில்லை, 2024 ஆகஸ்டில்தான் முழுத்தொகையும் கட்டி முடிந்தது. நிலந்த ஜயவர்தனமீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் தீர்ப்பின் கட்டளைதான். அவர் பொலிஸ் சேவையிலிருந்து நீக்கப்பட்டது 2025 ஜூலையில், தீர்ப்பு வந்து இரண்டரை வருடம் கழித்து.

பூஜித் ஜயசுந்தரவையும் ஹேமசிறி பெர்னாண்டோவையும் 2022 பெப்ரவரியில் கொழும்பு மேல் நீதிமன்றம் விடுவித்ததே, பிறகெப்படி இந்தத் தீர்ப்பு என்று கேட்பவர் உண்டு. அது குற்றவியல் வழக்கு. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், தோற்றால் சிறை. இது உரிமை வழக்கு. நிகழ்தகவுச் சமநிலை போதும். ஒரே ஆள், ஒரே சம்பவம், இரண்டு தராசு. மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டின் பாதை தனி.

ஒரு மாதத்துக்குள்

இது 126ஆம் உறுப்புரையின் இரண்டாம் பிரிவு. தீர்ப்பைப் பற்றிய பேச்சில் எவரும் தொடாத துண்டு; எங்களுக்கு ஆகத் தேவையானதும் இதுவே. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். போடும் இடம் ஒன்றே ஒன்று: கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம். மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் இல்லை. அதாவது முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், தெரியாத மொழியில், தெரியாத சட்டத்தரணியைப் பிடித்து, முப்பது நாளில்.

எங்கள் பக்கத்துச் செத்த வீட்டில் 31ஆம் நாள்தான் கடமை முடிகிறது. அதுவரை வாசலில் பந்தல் நிற்கும். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வழக்கு என்ற சொல்லை எவரும் எடுக்கமாட்டார்கள். பந்தல் பிரிக்கிற நாளில் சட்டத்தின் தவணையும் முடிந்திருக்கும். காலதாமதத்தை நீதிமன்றம் மன்னித்த வழக்குகள் உண்டு. அதை நம்பி வீட்டில் இருக்க முடியாது.

ஒரு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை அங்கே நிலுவையில் இருக்கும் காலம் இந்தத் தவணையில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகம் உண்டு. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு மறந்துபோனால் பயனில்லை. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு பத்திரப்படுத்துங்கள்.