காரில் சைக்கிள் ஏற்றிச் செல்லுதல்: தருமபுரி மாவட்டம்

வீடு ஓரிடத்திலும் சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் சாலை வேறோரிடத்திலும் இருந்தால், சைக்கிளைக் காரின் கூரையிலோ பின்புறத்திலோ உள்ளேயோ வைத்துக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் இந்தத் தேவை நிலவமைப்பிலேயே இருக்கிறது. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து, 2004-இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்த இம்மாவட்டத்தைப் பெங்களூரு–சேலம் தேசிய நெடுஞ்சாலை 44 வடக்கு தெற்காகக் கடந்து போகிறது. சைக்கிளுக்கு உகந்த சாலைகளோ அதிலிருந்து விலகிக் கிடப்பவை: பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், வத்தல்மலை ஏற்றம், அரூருக்கு அப்பால் சித்தேரி. சரக்கு லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் மிதித்து வந்து சேர்வது வீண் துணிச்சல் என்பதால், தருமபுரி வரையோ பென்னாகரம் வரையோ காரில் வந்து அங்கிருந்து சைக்கிளை எடுப்பதே புத்திசாலித்தனம். எப்படி ஏற்றி வருவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. கடைகளில் விற்கும் கேரியர்களில் பெரும்பாலானவை கூரைக்கும் பின்கதவுக்குமானவை. ஆனால் இந்தச் சாலைகளுக்கும், இந்நாட்டுச் சட்டத்துக்கும், நம் கார்களின் அளவுக்கும் ஒத்துவருவது சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வைப்பதுதான்.

முதலில் அளவைப் பார்க்கலாம். சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.75 மீட்டர். 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குக் குறைவான கார்களுக்கு வரிச்சலுகை கிடைத்த பிறகு, இந்தியச் சாலைகளில் அந்த நீளத்துக்குள் அடங்கிய கார்களே பெருகின. அவற்றின் அகலம் 1.5 மீட்டரில் தொடங்கி 1.8 மீட்டர் அளவில் முடிகிறது. பின்கதவில் பட்டை கட்டி மாட்டும் கேரியரில் சைக்கிள் குறுக்காகவே நிற்கும். எனவே சின்னக் காரில் இரண்டு பக்கமும் சக்கரம் துருத்திக்கொண்டிருக்கும், பெரிய காரிலும் மயிரிழையில்தான் தப்பும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு, பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ வரம்பு மீறி நீண்டிருக்கும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. சுமையை இறக்கும் செலவும் நம்முடையதே. சைக்கிளுக்கென்று அந்தப் பிரிவு விலக்கு எதுவும் சொல்லவில்லை. போலீஸ்காரர் யாரும் இதற்காகக் காரை நிறுத்துவதில்லையே என்று கேட்கலாம். நிறுத்தாமல் விடுவது அவருடைய தாராளம், நம்முடைய உரிமை அல்ல. விபத்து நடந்த பிறகு இழப்பீட்டு வழக்கில் அந்தத் தாராளத்தைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

நம்பர் பிளேட் பிரச்சினை இதைவிடக் கறாரானது. பின்பக்கப் பதிவெண் இரவில் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி விளக்கு எரிய வேண்டும் என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். பின்கதவுக் கேரியரில் இரண்டு சைக்கிளை மாட்டினால் பதிவெண்ணும் மறையும், பிரேக் விளக்கும் பாதி மறையும். ஜெர்மனி போன்ற நாடுகளில் கேரியரின் மேலேயே இன்னொரு பதிவெண் பலகையை விளக்கோடு பொருத்திக்கொள்கிறார்கள். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாகிவிட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோ கழற்ற முடியாத பூட்டோடு வருகிறது. அதை எடுத்துக் கேரியரில் மாட்ட வழியில்லை. இதே நெடுஞ்சாலையிலுள்ள தொப்பூர் கணவாயின் இறக்கத்தில், பின்னால் பாரம் ஏற்றிய லாரி வரும்போது, பிரேக் விளக்கு சைக்கிள் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பது சட்டத்தை விடவும் கவலைக்குரிய விஷயம்.

கூரைக் கேரியர் இந்தக் குறைகள் பலவற்றிலிருந்து தப்புகிறது. பதிவெண் தெரியும், விளக்கு தெரியும், பின்கதவைத் திறக்கலாம். ஆனால் ஒன்றரை மீட்டர் உயரக் காரின் மேல் நிமிர்ந்த சைக்கிளைச் சேர்த்தால் மொத்தம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். ஓட்டுபவருக்கு அது கண்ணில் படாது. ஓட்டல் போர்ட்டிகோவும், ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைகளின் உயரத் தடுப்புக் கம்பியும்தான் அதை நினைவூட்டும். எரிபொருளும் கரையும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. கூரையில் வைக்கும் பெரிய பெட்டி விரைவுச்சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நிமிர்ந்து நிற்கும் சைக்கிளும் காற்றுக்கு வழிவிடும் வடிவம் அல்ல. இன்னொன்று, நம் ஊர் கார்கள் பலவற்றில் கூரையின் இரண்டு பக்கமும் ஓடும் கம்பி வெறும் அலங்காரம். வாங்குவதற்கு முன் உரிமையாளர் கையேட்டில் கூரை தாங்கும் எடை எத்தனை கிலோ என்று தேடிப் பார்ப்பது நல்லது. எண் இல்லையென்றால் சுமையும் கூடாது.

சைக்கிளைப் பிரித்து எடுத்துப்போவது ஏதோ நகரத்து வித்தை அல்ல. தமிழக அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குத் தரும் விலையில்லாச் சைக்கிள்கள் லாரியில் உதிரிகளாக வந்து பள்ளி வளாகத்தில் பூட்டப்படுபவை. முழுதாக நிற்க வைத்து ஏற்றினால் லாரியில் காற்றைத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். காரில் அத்தனை பிரிக்கத் தேவையில்லை. முன் சக்கரத்தை மட்டும் எடுத்தால் நீளம் 1.4 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். பின் சீட்டை மடக்கிக் கொஞ்சம் கோணலாக வைத்தால் சின்னக் காரின் டிக்கியிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை பொருந்திவிடும். பழைய சைக்கிளில் ஆக்சில் நட்டுக்கு 15-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும், புதியவற்றில் பெரும்பாலும் நெம்புகோல் ஒன்றைத் திருப்பினால் போதும். செயின் இருக்கும் பக்கத்தை மேலே வைக்க வேண்டும், இல்லையென்றால் கியர் தூக்கி வளையும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே நாலாக மடித்த அட்டைத் துண்டைச் செருகிவிட வேண்டும். யாராவது தெரியாமல் லீவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பென்னாகரத்தில் சக்கரம் உள்ளே நுழையாது. பெடலையும் எடுப்பதென்றால் இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது.

உள்ளே வைப்பதற்கு எதிரான வாதங்களில் ஒன்று மிக வலுவானது: மோதலில் அது எறிபொருள் ஆகும். பதினைந்து கிலோ சைக்கிள், ஈர்ப்பு விசையைப் போல் இருபது மடங்கு வேகத்தணிவில், முன்னூறு கிலோ விசையோடு முன் சீட்டைத் தாக்கும். இதற்குப் பதில் கயிறுதான். டிக்கித் தரையில் உள்ள கொக்கிகளிலோ பின் சீட் பெல்ட்டின் பிணைப்பிலோ சட்டத்தை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டாமல் கிளம்பினால், அந்த வாதம்தான் ஜெயிக்கும். கிரீஸ் பற்றிய புகாருக்குப் பழைய போர்வை போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் டயர் வெடித்துவிடும் என்பதோ மிகைப்படுத்தல். 30 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடித்த டயர், கார் உள்ளே 65 டிகிரிக்குச் சூடேறினாலும் 69 அளவுக்குத்தான் உயரும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட உச்ச அளவு வரை அடித்திருந்தால் கொஞ்சம் இறக்கிவிட்டு வைக்கலாம், அவ்வளவே.

சீட் போய்விடுகிறதே என்பது நியாயமான குறை. இரண்டு பேர், இரண்டு சைக்கிள் வரைக்குமே இந்த முறை செல்லும். நான்கைந்து பேர் சேர்ந்து வத்தல்மலை ஏறுவதென்றால், கூரையில் இரண்டும் பின்னால் இரண்டும் தொங்கவிடுவதைக் காட்டிலும் ‘சின்ன யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசுவது மேல். ஏழடி நீளத் தொட்டியில் சைக்கிள்கள் முழுதாக, தலைக்கு வால் மாற்றி வரிசையாக நிற்கும். இடையில் சாக்கு மடித்து வைத்தால் பெயின்ட் உரசாது. ஆட்கள் மட்டும் காரிலோ பஸ்ஸிலோ வர வேண்டும், சரக்கு வண்டித் தொட்டியில் ஏறக் கூடாது. முன்பெல்லாம் புறநகர்ப் பஸ்களின் கூரையில் ஏணியும் கேரியரும் இருந்த காலத்தில் சைக்கிளும் மேலே ஏறியது. கூரைக் கேரியர் இல்லாத இன்றைய பஸ்களில் அந்த வசதி போய்விட்டது. ரயில் இன்னும் மிச்சம் இருக்கிறது. பெங்களூரு–சேலம் பாதையில் தருமபுரியில் நிற்கும் வண்டிகளில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவுசெய்து பிரேக் வேனில் ஏற்றலாம். ஆனால் வண்டி அங்கே நிற்கும் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். பயணத்தேதிக்கு முன்பே ஸ்டேஷனில் போய், எந்த வண்டியில் இடம் உண்டு, எத்தனை மணிக்குள் சைக்கிளைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.