கேமரா கைக்கு வந்த பிறகு

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவிலில் கோமதியம்மனுக்கு இறைவன் காட்சி கொடுக்கும் வேளையில் கூட்டத்தைப் பார்த்தால், கூப்பிய கைகளுக்கு நிகராகக் கைபேசி உயர்த்திய கைகளும் தெரியும். அவற்றுள் பல பதின்வயதினரின் கைகள். தம் வாழ்க்கையைத் தாமே படம்பிடித்துக்கொண்டு வளரும் தலைமுறை இது. எனினும், அவர்களின் கேமரா வழியாகவே வளரிளம் பருவத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் சிறுமுதலீட்டுப் படம் தமிழில் ஒரு வகையாக வேரூன்றவில்லை. ஏன் என்பது நாம் நெடுநாள் யோசித்த கேள்வி.

பாத்திரங்களே பதிவுசெய்து, பின்னர் யாரோ கண்டெடுத்ததுபோல் அமையும் படங்களை 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' என்பர். 1999இல் வந்த அமெரிக்கப் படமான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' இவ்வுத்தியை உலகெங்கும் பரப்பியது. மூன்று மாணவர்கள், கையடக்கக் கேமரா, ஒரு காடு ஆகியவை அதற்குப் போதுமாயிருந்தன. பேய்க்கதைக்கு உதவிய உத்தி, 2012இல் 'புராஜெக்ட் எக்ஸ்' படத்தில் பள்ளி மாணவர்களின் விருந்துக் கூத்தைக் காட்டும் நகைச்சுவைக்கும் வந்து சேர்ந்தது.

இளைஞன் ஒருவன் தன் கதையைத் தானே நகைத்துச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. 1879இல் அச்சேறிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாயகனின் தன்கூற்றாகவே அமைந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 1979இல், பாலுமகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' மூன்று சிறுவர்களின் பருவத் தடுமாற்றத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது வளர்ந்த ஒருவனின் நினைவாக விரிகிறது. நினைவில் வலியும் கனிந்துவிடும். கண்டெடுத்த பதிவுக்கு அச்சலுகை கிடையாது.

இந்தியில் திபாகர் பானர்ஜி 2010இல் எடுத்த 'லவ் செக்ஸ் அவுர் தோக்கா' இதற்குச் சான்று. அதன் முதற்கதையில் திரைப்பட மாணவன் ஒருவன் படிப்பின் பொருட்டுக் காதல் படமொன்று எடுக்கிறான். வெகுசனக் காதல் படங்களின் பகடியாகத் தொடங்கும் கதையில் நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். நாயகியாக நடிக்கும் பெண்ணை அவன் மெய்யாகவே காதலித்து மணக்கிறான். பெண் வீட்டார் இருவரையும் கொன்றுவிடுகின்றனர். கேமரா அதையும் பதிகிறது. ஆணவக்கொலைச் செய்திகளை அறிந்த நம் தென்மாவட்ட வாசகருக்கு இதில் விளக்க வேண்டியது ஏதுமில்லை.

தமிழில் 2012ஆம் ஆண்டு இரு வழிகளைக் காட்டிற்று. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் அறிமுகமான பாலாஜி மோகன், தம் குறும்படத்தை விரித்து 'காதலில் சொதப்புவது எப்படி' எடுத்தார். நாயகன் கேமராவைப் பார்த்துப் பேசுகிறான். கேமரா அங்கே செவிகொடுக்கும் தோழன். அதே ஆண்டில் பாலாஜி சக்திவேல், சிறிய டிஜிட்டல் ஸ்டில் கேமராவால் படம்பிடித்து 'வழக்கு எண் 18/9' தந்தார். அதில் வசதியான வீட்டுப் பள்ளி மாணவன், உடன் பழகும் பெண்ணை அவளறியாமல் கைபேசியில் பதிகிறான். அது வெளிப்பட்டபின் எழும் வன்மம் அமிலமாகி, வீட்டுவேலை செய்யும் ஏழைப்பெண்ணின் முகத்தில் விழுகிறது. விளையாட்டுப் பொருள் ஆயுதமாக மாறும் கணம் அது.

ஒருமுறை எம் மாணவர்களிடம், கைபேசியில் கண்டெடுத்ததுபோல் ஒரு நகைச்சுவைக் குறும்படம் எடுக்கச் சொன்னோம். மாணவிகள் எழுதிய உரையாடல்களே மிகச் சிறப்பாக இருந்தன. நடிக்க மட்டும் ஒருத்தியும் முன்வரவில்லை. நாணம் என்று எண்ணி வற்புறுத்தினோம். "அப்புறம் அந்த வீடியோ யார்கிட்ட இருக்கும் சார்?" என்றாள் ஒருத்தி. எம்மிடம் விடையில்லை. வற்புறுத்தியதற்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் கருவியின் விலை குறைந்ததைக் குறிப்பிடத் தவறுவதில்லை. பதிவில் அகப்பட்ட பெண் கொடுக்க நேரும் விலையோ இன்னும் குறையவில்லை. அது குறையும் நாளில், எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் சேர்ந்து சிரிக்கும் படம் ஒன்று இவ்வூர்த் தெருக்களிலிருந்தும் வரக்கூடும். அதனை எழுதக்கூடியவர்கள் எம் வகுப்பில் இருக்கவே செய்கிறார்கள்.