உளப்பிணி எதிர்ப்பு மருந்துகளால் ஏற்படும் இயக்கக் கோளாறுகள்

உளப்பிணி எதிர்ப்பு மருந்துகளால் ஏற்படும் இயக்கக் கோளாறுகள் என்பவை மனச்சிதைவு முதலிய நோய்களுக்கு வழங்கப்படும் மருந்துகளின் பக்கவிளைவாகத் தோன்றும் தசை இறுக்கம், நடுக்கம், நிலைகொள்ளாமை, விருப்பின்றி நிகழும் அசைவு ஆகியவற்றைக் குறிக்கும். மனநோய் முற்றியதன் அறிகுறியாக இவை தவறாகக் கருதப்படுவதுண்டு.

காரணம்

இவ்வகை மருந்துகளுள் முதலாவதான குளோர்புரோமசின் 1952 இல் பாரிசு நகரில் மனநோயாளிகளுக்கு வழங்கப்பட்டது. 1958 இல் ஹாலோபெரிடால் உருவாக்கப்பட்டது. இவை மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கின்றன. இதனால் மாயக்குரல், ஐயுறவு போன்றவை தணிகின்றன. உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் டோபமின் தடுக்கப்படுவதால் இயக்கக் கோளாறுகள் தோன்றுகின்றன.

வகைகள்

* உடனடித் தசைப்பிடிப்பு: மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கழுத்து ஒருபுறம் திருகிக்கொள்ளும், கண்கள் மேல்நோக்கிச் செருகும். இளம் ஆண்களிடம் மிகுதி.
* அக்கதீசியா எனப்படும் நிலைகொள்ளாமை: ஓரிடத்தில் உட்கார இயலாமல் நோயாளி நடந்துகொண்டே இருப்பார்.
* பார்க்கின்சன் நோய் போன்ற நிலை: சில வாரங்களில் கை நடுக்கம், உடல் விறைப்பு, முகபாவமின்மை, மெதுவான நடை ஆகியவை தோன்றும்.
* டார்டிவ் டிஸ்கினீசியா எனப்படும் பிந்திய அசைவுக் கோளாறு: பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, மெல்லுதல், நாக்கை நீட்டுதல், உதடு சப்புதல் போன்ற அசைவுகள் தோன்றும். இது நிலைத்துவிடவும் கூடும்.

சென்னை ஆய்வு

எல்லா அசைவுகளுக்கும் மருந்தே காரணம் அன்று. 1996 இல் வெளியான ஆய்வொன்றில் சென்னையைச் சேர்ந்த 308 பேர் பரிசோதிக்கப்பட்டனர். மருந்தே உட்கொள்ளாத மனச்சிதைவு நோயாளிகளில் 38 விழுக்காட்டினரிடமும், மருந்து உட்கொண்டவர்களில் 41 விழுக்காட்டினரிடமும், நோயற்றவர்களில் 15 விழுக்காட்டினரிடமும் இயல்பற்ற அசைவுகள் காணப்பட்டன. மருந்தே உட்கொள்ளாதோர் 21 பேர் மட்டுமே. எனினும் நோய்க்கும் இதில் பங்குண்டு என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

சிகிச்சை

தசைப்பிடிப்பு ஊசி மருந்தால் விரைவில் நீங்கும். நிலைகொள்ளாமைக்குப் புரோப்ரனலால் பயன்படுகிறது. நடுக்கத்திற்கு டிரைஹெக்சிபெனிடில் வழங்கப்படுகிறது; ஆனால் இது பிந்திய அசைவுக் கோளாற்றை மிகுவிக்கலாம். அதற்கு டெட்ராபெனசின் வகை மருந்துகள் உள்ளன. மருந்தின் அளவைக் குறைத்தல், குளோசபின் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுதல் ஆகியனவும் மருத்துவர் கையாளும் வழிகளாகும்.

தென்காசி வட்டாரம்

தென்காசியை அடுத்த குற்றால அருவியில் நீராடினால் மனநோய் தெளியும் என்பது தென் தமிழகத்தில் நெடுநாளாக நிலவும் நம்பிக்கை. அருவி நீராடல் மருந்துக்கு மாற்றாகாது. இந்நம்பிக்கையாலோ பக்கவிளைவுக்கு அஞ்சியோ மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். அதுவரை மறைந்திருந்த வாயசைவுகளும் வெளிப்படலாம். உடல் விறைப்பு உள்ளவர்கள் வழுக்கும் பாறைகளில் விழும் வாய்ப்பும் மிகுதி. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இவ்வட்டாரத்தினருக்கு அண்மையிலுள்ள அரசு சிகிச்சை இடங்களுள் ஒன்றாகும். தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் இக்கோளாறுகளில் பெரும்பாலானவை குறையக்கூடியவை.