பூட்டிய பெட்டியும் படம் போட்ட தகர டப்பாவும்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் தேயிலை வைக்கும் மரப்பெட்டிக்குப் பூட்டு இருந்தது. சீனத் தேயிலையின் விலை அத்தனை உயர்ந்திருந்ததால் சாவியை வீட்டுத் தலைவியே வைத்துக்கொண்டாள். 1784ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தது. 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் ஒழிந்தது. 1839இல் அசாம் தேயிலை லண்டன் ஏலத்துக்கு வந்தது. விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) விலை இறங்க இறங்க, பூட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று.

பூட்டு போன இடத்தில் பெயர் வந்தது. வேற்றிலைகளையும் சாயத்தையும் கலந்து விற்ற கடைக்காரர்களுக்கு எதிராக, ஜான் ஹார்னிமன் 1826இலேயே மூடி முத்திரையிட்ட பொட்டலங்களில் தேயிலையை விற்கத் தொடங்கியிருந்தார். பொட்டலத்தின் மீதிருந்த பெயரே தரத்துக்கு உறுதியாயிற்று. 1875இல் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் பார்க்ளே, அச்சுக்கல்லிலுள்ள படத்தை முதலில் ஓர் உருளைக்கு மாற்றி, அங்கிருந்து தகரத்தில் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விறைப்பான தகரத்தில் கல்லிலிருந்து நேரடியாக நன்றாக அச்சிட முடியாது என்ற தடை இதனால் நீங்கியது. பல வண்ணப் படம் தாங்கிய டப்பா எளிய வீட்டின் அலமாரிக்கும் வந்து சேர்ந்தது.

இலங்கையில் இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின் அங்கே தேயிலை பெருகியது. 1890இல் அத்தீவில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே கெண்டிக்கு வரும் தேயிலை என்று விளம்பரம் செய்தார். அவ்விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரின் உழைப்பு அப்படத்தில் நகையும் புன்னகையுமாக அழகுபடுத்தப்பட்டதே தவிர, அவர்கள் பட்ட பாட்டின் சுவடு அதில் இல்லை. இன்று அந்தப் படம் தாங்கிய டப்பாவைச் சேகரிப்போர் இதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

டப்பாவைப் போலவே சேகரிக்கப்படும் பீங்கான் தேநீர்க் கெண்டிகளின் காலத்தைக் கணிக்க அவற்றின் அடிப்பாகமே துணை. 1842 முதல் 1883 வரை பதிவு செய்யப்பட்ட வடிவமைப்புகள் சாய்சதுர முத்திரை பெற்றன: அதன் உச்சியிலுள்ள வட்டத்துக்குள் ரோமன் எண் நான்கு இருந்தால் அது பீங்கான் வகை, உள்ளே அமைந்த எழுத்துகளும் எண்களும் பதிவான ஆண்டையும் மாதத்தையும் நாளையும் சொல்லும். 1884இல் தொடர் எண் முறை வந்தது. 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சுங்க விதி, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. எனவே ‘இங்கிலாந்து’ என்ற பெயர் தாங்கிய பொருள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. மூடியை அழுத்தினால் தேநீரைத் தானே ஊற்றும் ராயல் என்பவரின் கெண்டி (காப்புரிமை 1886) போன்ற புதுமைப் பொருள்களுக்கு அவற்றில் பொறித்த காப்புரிமைக் குறிப்பே சான்று.

தகர டப்பாக்கள் பலவற்றில் இத்தகைய முத்திரை கிடையாது. அச்சிட்ட முகவரியையும் படத்தையும் கொண்டே அவற்றின் காலத்தை அறிய வேண்டியுள்ளது. ஆகவே துருவைச் சுரண்டிப் புது வண்ணம் பூசுவதைச் சேகரிப்போர் அறவே தவிர்க்க வேண்டும். மங்கிய அச்சு அழிந்தால் சான்றும் உடன் அழிந்துவிடும்.