இந்தியாவில் மகப்பேறு விடுப்பு, குழந்தைக் காப்பகம், தொழில் கடன்: ஒரு வரலாறு

உழைக்கும் தாய்க்கு மூன்று உதவிகள் தேவை: பேறுகாலத்தில் கூலி இழக்காத ஓய்வு, வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், சொந்தத் தொழில் செய்பவராயின் கையில் முதல். இந்தியாவில் இம்மூன்றும் வெவ்வேறு வழிகளில் வந்தன. விடுப்பும் காப்பகமும் பெரும்பாலும் தொழிலாளர் சட்டங்களின் வழியே வந்தன. கடன், பெண்களின் சங்கங்களும் கூட்டுறவுகளும் திறந்துவிட்ட வழியில் வந்தது. இவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

ஆலைகளில் தொடக்கம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் ஏராளமான பெண்கள் வேலை செய்தனர். வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. எனவே பலர் பிரசவம் நெருங்கும்வரை ஆலைக்குச் சென்றனர். வீட்டில் விட்டுச் செல்லும் குழந்தை அழாமல் உறங்குவதற்காகச் சிறிது அபின் கொடுக்கும் வழக்கம் இருந்ததை அக்கால விசாரணை அறிக்கைகள் பதிவு செய்துள்ளன.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, மகப்பேற்றுக்கு 12 வார விடுப்பு என்ற உடன்படிக்கையை ஏற்றது. அதற்கான உதவித்தொகை அரசு நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்றும் அது கூறியது. இந்தியா அதற்கு ஏற்புறுதி வழங்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மகப்பேறு மசோதாவும் நிறைவேறவில்லை.

பம்பாய் மாகாணம் 1929இல் சட்டம் இயற்றியது. அதற்கான மசோதாவை ஆதரித்து 1928இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் பேசிய அம்பேத்கர், தாயின் ஓய்வு நாட்டின் நலனுக்கானது என்றும், செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளிக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவரது நிலைப்பாடு. நிறைவேறிய சட்டமோ முழுச் செலவையும் முதலாளிமேல் வைத்தது. நாளொன்றுக்கு எட்டு அணா வீதம் ஏழு வாரங்களுக்கு உதவி கிடைத்தது. சென்னை மாகாணம் 1934இல் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்ணை வேலைக்கு வைத்தால் கூடுதல் செலவு என்றால், பெண்ணை வைக்காமல் இருப்பதே முதலாளிக்கு லாபம். அடுத்த பத்தாண்டுகளில் பம்பாய் ஆலைகளில் பெண்களின் பங்கு குறைந்தது. இரவு வேலைத் தடை, ஆலைகளில் ஆட்குறைப்பு ஆகியவற்றோடு இச்சட்டச் செலவும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

விடுதலைக்குப் பின் விடுப்பு

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வேறு வழியைக் காட்டியது. தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தா பொது நிதியில் சேர்கிறது; மகப்பேற்று உதவி அதிலிருந்து வழங்கப்படுகிறது. ஆனால் இத்திட்டத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே பொருந்தியது. அது 12 வார விடுப்பை உறுதி செய்தாலும் செலவை மீண்டும் முதலாளியிடமே விட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள் இச்சட்டத்தை விரிவாக்கின. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கில், 1977இல் உச்ச நீதிமன்றம் விடுப்புக் காலத்தின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தொகை தர வேண்டும் என்றது. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று 2000இல் தீர்ப்பு வந்தது.

காப்பகங்கள்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் இவ்வெண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பெண்களை மட்டும் எண்ணும் இவ்விதிமுறையிலும் பழைய சிக்கலே இருந்தது: எல்லைக்குக் கீழே பெண்களின் எண்ணிக்கையை நிறுத்திக்கொண்டால் காப்பகம் நடத்தத் தேவையில்லை.

கட்டட வேலை செய்யும் பெண்களோ ஆலைச் சட்டத்துக்கு வெளியே இருந்தனர். 1969இல் தில்லியில், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமான இடத்தில் குழந்தைகள் மண்ணில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுவே ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பாக வளர்ந்தது. கட்டுமான இடங்களில் காப்பகம் என்பது 1996இல் சட்டமாயிற்று. 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் ஊட்டச்சத்தையும் முன்பருவக் கல்வியையும் நாடெங்கும் கொண்டுசென்றது. ஆயினும் பெரும்பாலான மையங்கள் தாயின் வேலை நேரம் முழுவதும் இயங்குவதில்லை.

கடனும் முதலும்

காய்கறி விற்பவருக்கும் தலைச்சுமை தூக்குபவருக்கும் முதலாளி இல்லை. எனவே விடுப்புச் சட்டமும் இல்லை. காலையில் வாங்கிய கடனை மாலையில் வட்டியோடு கட்டுவதே அவர்களின் நிலை. அடமானம் வைக்க ஏதுமற்ற அவர்களை வங்கிகள் ஏற்கவில்லை. இவர்களுக்காக அகமதாபாத்தில் 1972இல் ‘சேவா’ சங்கத்தை இலா பட் தொடங்கினார். 1974இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தனர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களைப் புகைப்படம் கொண்டு அடையாளம் கண்டது அவ்வங்கி. பின்னர் கடனோடு காப்பீடும் குழந்தைக் காப்பகமும் சேவாவின் பணிகளாயின. பிரசவ மாதத்தில் வருமானம் நின்றால் வாங்கிய முதலே சாப்பாட்டுச் செலவில் கரைந்துவிடும் என்பதை அச்சங்கம் அனுபவத்தில் கண்டிருந்தது.

சென்னையில் 1978இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் மன்றம் சிறுவியாபாரப் பெண்களுக்குக் கடன் கிடைக்க வழிசெய்தது. தருமபுரியில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. 2015இல் முத்ரா கடன் வந்தது.

இன்றைய நிலை

2017ஆம் ஆண்டின் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரமாக்கியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயமாயிற்று. அதைவிட முக்கியமாக, பெண்களை மட்டும் எண்ணாமல் ஆண்களையும் சேர்த்து எண்ணும் முறை வந்தது. பெண்களைக் குறைத்துக் காப்பகத்தைத் தவிர்க்கும் வழி இதனால் அடைபட்டது. விடுப்புச் செலவு மட்டும் இன்னும் முதலாளியிடமே உள்ளது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை.

அமைப்புசாராப் பெண்களுக்கு 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 6,000 ரூபாய் பேறுகால உதவியை உரிமையாக்கியது. 2017இல் வந்த மத்தியத் திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்றது. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பொருள்களும் வழங்குகிறது.

தாயின் ஓய்வு நாட்டின் நலன் என்றால் செலவையும் நாடு பகிர வேண்டும் என்பது 1928இல் முன்வைக்கப்பட்ட வாதம். அரசின் உதவித்தொகைகள் அதைச் சிறிதளவே ஏற்றுள்ளன. மீதிச் செலவு, முதலாளி உள்ள பெண்ணுக்கு வேலை கிடைப்பதைக் கடினமாக்குகிறது. முதலாளி இல்லாத பெண்ணின் கைம்முதலைக் கரைக்கிறது.