தம் விருப்பத்தைத் தீர்ப்பில் எழுதாத நீதிபதி

பொது சிவில் சட்டம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், அடி அண்ணாமலையில் மஃரிபுக்குப் பின் என்னிடம் ஓத வரும் மூத்த மாணவர்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ஹஜ்ரத், நமது நிக்காஹ், தலாக் சட்டங்களை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட முடியுமா?" விடை சொல்ல எம்.சி. சாக்ளாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத பெயர் அது.

பம்பாயில் 1900ஆம் ஆண்டு இஸ்மாயிலி கோஜா வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் முகமது அலி கரீம் சாக்ளா. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று 1922இல் பாரிஸ்டராகத் திரும்பி, ஜின்னாவிடம் இளம் வழக்கறிஞராகச் சேர்ந்தார். 1928இல் நேரு அறிக்கையை ஆதரித்ததால் இருவருக்கும் அரசியலில் பிரிவு நேர்ந்தது. 1941இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1947 முதல் 1958 வரை பம்பாயின் தலைமை நீதிபதி.

அந்நாளில், 1951இல், நரசு அப்பா மாலி வழக்கு வந்தது. இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்த பம்பாய் மாகாணச் சட்டத்தை எதிர்த்த வழக்கு. முஸ்லிம்களுக்கு இல்லாத தடை இந்துக்களுக்கு மட்டும் ஏன், இது சமத்துவத்திற்கு எதிரானதல்லவா என்று வாதிடப்பட்டது. சாக்ளாவும் கஜேந்திரகட்கரும் அந்தச் சட்டம் செல்லும் என்றனர். அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு குறிப்பிடும் 'நடப்பிலுள்ள சட்டங்கள்' என்பதில் சமயத் தனிச்சட்டங்கள் அடங்கா என்றும் தீர்த்தனர். ஆகவே அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிமன்றம் அவற்றை நீக்க இயலாது. சட்டமன்றம் விரும்பினால் படிப்படியாகச் சீர்திருத்தலாம்.

இதில் வியப்பு என்னவென்றால், சாக்ளா பொது சிவில் சட்டத்தை வெளிப்படையாக விரும்பியவர். சமய விஷயங்களில் அவருடைய கருத்துகள் பலவற்றை நான் ஏற்பதில்லை. ஆயினும் அவர் விரும்பியது வேறு, சட்டத்தின் சொற்களில் அவர் கண்டது வேறு. 2017 முத்தலாக் வழக்கில் தனியார் சட்ட வாரியம் சான்றாகக் காட்டியதும் அவருடைய அந்தத் தீர்ப்பைத்தான்.

1958இல் முந்த்ரா விவகாரத்தை விசாரிக்க அவர் ஒருவரே ஆணையமாக நியமிக்கப்பட்டார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் ஒரு தொழிலதிபரின் நிறுவனங்களில் போடப்பட்டிருந்தது. விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில், வெளியே நின்றோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்து நடத்தினார். அதிகாரியின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றார். நம் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியைத் துறந்தார்.

தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் அவர் அமர்ந்தது இந்தியா நியமித்த தற்காலிக நீதிபதியாக. தாத்ரா, நகர் ஹவேலிக்கு இந்திய மண் வழியே செல்லும் உரிமை கோரி 1955இல் போர்ச்சுக்கல் தொடுத்த வழக்கு அது. 1960 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, படைகள் அல்லாதோர் கடந்து செல்லும் உரிமை 1954இல் இருந்தது என்றது. இந்தியா அதை மீறவில்லை என்றும் சொன்னது. சாக்ளா மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்; போர்ச்சுக்கல் நியமித்த நீதிபதியும் தம் நாட்டின் பக்கம் நின்று மாறுபட்டார். அப்போது சாக்ளா அமெரிக்காவில் இந்தியத் தூதராகவும் இருந்தார். விதி அதைத் தடுக்கவில்லை. எனக்கோ அது நெருடலாகவே இருக்கிறது.

பின்னர் கல்வி அமைச்சர், வெளியுறவு அமைச்சர். உயர்கல்வி மொழிக் கொள்கையில் உடன்பாடின்றி 1967இல் பதவி விலகினார். நெருக்கடி நிலையையும் எதிர்த்துப் பேசினார். 1981இல் மறைந்தார்.

நரசு தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்னும் ரத்து செய்யவில்லை. ஆனால் 2018 சபரிமலை வழக்கில் நீதிபதி சந்திரசூட் அது மறுபரிசீலனைக்கு உரியது என்று எழுதினார். மாணவர்களிடம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.